மசகுப் படலத்தின் இரு தர்மங்கள்



யந்திரத்துக்கு எண்ணெய் விட வேண்டும் என்பதை அறியாதவர் நம்மில் எவருமில்லை. ஏன் விட வேண்டும் என்று கேட்டாலோ, எண்ணெய் வழுவழுப்பானது, ஆகையால் அது பட்ட இடம் வழுக்கும் என்று விடை சொல்லித் திருப்தி அடைந்துவிடுகிறோம். இந்த விடை எண்ணெய்க்கு ஒரு குணத்தைச் சூட்டிவிட்டு நிற்கிறதேயன்றிக் காரணத்தைத் தொடுவதில்லை. ஒன்றன் மேல் ஒன்று நழுவும் இரண்டு பரப்புகளுக்கிடையே எண்ணெய்ப் படலம் எவ்வளவு கனத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து, அந்த ஒரே எண்ணெய் இரு வேறு தர்மங்களுக்குக் கட்டுப்படுகிறது. படலம் கனமாக இருக்கும் வரையில் அதன் பாகுத்தன்மை ஒன்றே உராய்வை நிர்ணயிக்கும். கீழே இருப்பது எஃகா வெண்கலமா என்ற விசாரணைக்கே அங்கு இடமில்லை. அதே படலம் ஒரு மூலக்கூறின் நீளத்துக்கு மெலிந்துவிட்டால், பாகுத்தன்மைக்கு ஒரு வேலையும் இல்லாமற் போய், எண்ணெயின் ரசாயன சுபாவமும் உலோகத்தின் ரசாயன சுபாவமும் கலந்து உராய்வைத் தீர்மானிக்கத் தொடங்குகின்றன. இந்த இரண்டு தர்மங்களும் எவ்வாறு வெளிப்பட்டன, ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் எல்லையில் யந்திரங்களுக்கு என்ன நேருகிறது என்பதையே இன்று உங்கள் முன் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

உராய்வு பாரத்துக்கு ஏற்ற விகிதத்தில் வளரும், தொட்டுக்கொள்ளும் பரப்பின் விஸ்தீரணத்தைச் சாராது என்று பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்த விதியை, இளமையிலேயே செவிப்புலனை இழந்த கியோம் அமொந்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1699ஆம் ஆண்டில் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் முன் வைத்தார். எண்பது ஆண்டுகளுக்கும் பின்னர் கூலோம் அதை விரிவான பரிசோதனைகளால் உறுதிப்படுத்தினார். உலர்ந்த பரப்புகளின் உராய்வுக்கு உரிய விதியென்றே நாம் அதைப் படிக்கிறோம். ஆனால் அமொந்தோன் பரிசோதித்த தாமிரம், இரும்பு, ஈயம், மரம் ஆகியவற்றின் பரப்புகள் உலர்ந்தவை அல்ல. அவர் அவற்றின் மீது பழைய பன்றிக்கொழுப்பைத் தடவியிருந்தார். எந்த ஜோடியை எடுத்தாலும் உராய்வு பாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகவே வருவதைக் கண்டு அவர் வியந்தார். கொழுப்பு பூசிய பரப்பும் உலர்ந்த பரப்பின் விதிக்கே உட்பட்டது ஏன் என்ற கேள்வி, அக்காலத்தில் எவர் மனத்திலும் எழவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து இதற்கு விடை கிடைக்கப் போகிறது.

இங்கிலாந்தில் இருப்புப்பாதைகள் பெருகி, வண்டிகளின் பாரமும் வேகமும் ஏறிய காலத்தில், அச்சுத்தண்டுகள் அவற்றின் தாங்கிகளில் சூடேறி இறுகிவிடுவது அன்றாடத் தொல்லையாயிற்று. யந்திரப் பொறியாளர் சங்கம் உராய்வை ஆராயக் குழு ஒன்றை அமைத்து, பரிசோதனைகளைப் பீச்சம் டவர் என்ற பொறியாளரிடம் ஒப்படைத்தது. 4 அங்குல விட்டமும் 6 அங்குல நீளமும் உள்ள எஃகுத் தண்டைக் கிடையாக வைத்துச் சுழற்றி, அதன் முதுகின் மேல் வெண்கலத்தாலான அரைவட்டத் தாங்கியைக் கவிழ்த்து, அந்தத் தாங்கியின் மீது பாரத்தை ஏற்றினார் டவர். தண்டின் அடிப்புறம் ஓர் எண்ணெய்த் தொட்டியில் முழுகியிருந்தது. சுழலும் தண்டே எண்ணெயை வாரி மேலே கொண்டுபோயிற்று. இந்த ஏற்பாட்டில் உராய்வு வெகு சொற்பமாக இருந்தது. அதைவிட வியப்பு, பாரத்தை எவ்வளவு ஏற்றியபோதிலும் உராய்வு ஏறக்குறைய மாறாமலே நின்றது. அமொந்தோன் விதி இங்கே அடியோடு செல்லாமற் போயிற்று.

அதன் பிறகு நடந்ததைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். மேலிருந்து எண்ணெய் சொட்டும் சாதாரண முறையையும் சோதித்துப் பார்க்க எண்ணி, டவர் தாங்கியின் உச்சியில் அரை அங்குலத் துளை ஒன்றைப் போட்டார். எண்ணெய்க் கிண்ணத்தை அதில் பொருத்துவதற்கு முன்பாகவே யந்திரத்தை ஓட்டியபோது, அந்தத் துளையின் வழியே எண்ணெய் பொங்கி மேலெழுந்து தாங்கியின் மீது வழிந்தோடியது. எண்ணெய் உள்ளே இறங்க வேண்டிய வழியில் அது வெளியே ஏறிக்கொண்டிருந்தது! துளையைத் தக்கையால் அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரத்தாலான முளையை அடித்து இறுக்கினார். அதுவும் மெல்ல மெல்லப் பிதுங்கி வெளிவந்தது. கடைசியில் அழுத்தமானி ஒன்றைத் துளையில் திருகிப் பொருத்தினார். தாங்கியின் மீதிருந்த பாரம் சராசரியாகச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு வீதமே. அழுத்தமானியின் முள்ளோ 200 பவுண்டு என்ற அதன் கடைசிக் கோட்டையும் தாண்டிப் போயிற்று. 1883ஆம் ஆண்டில் டவர் தம் முதல் அறிக்கையை வெளியிட்டார். பாரம் முழுவதும் எண்ணெயின் மீது நிற்கிறது, தண்டும் தாங்கியும் ஒன்றையொன்று தொடவே இல்லை என்ற உண்மை அதில் வெட்டவெளிச்சமாயிற்று. ஒரு துளையில் எண்ணெய் வழிவதைக் கண்டால் துடைத்துவிட்டு மேலே செல்வதே பெரும்பாலோரின் இயல்பு. அதை அடைக்க முயன்று, அடைக்க முடியாமற் போனதையே செய்தியாக ஏற்றுக்கொண்ட அந்த மனிதரிடம் எனக்குள்ள மதிப்பு பெரிது.

இதே 1883ஆம் ஆண்டில் ருஷ்யாவில் நிக்கொலாய் பெத்ரோவ், ரயில் அச்சுகளுக்கு ஏற்ற கனிம எண்ணெய்களை ஆராய்ந்து, தாங்கியின் உராய்வு என்பது எண்ணெயின் பாகுத்தன்மையால் விளைவதே என்று நிறுவினார். ஆயினும் டவர் கண்ட அழுத்தம் எங்கிருந்து பிறந்தது என்பதை விளக்கும் பெருமை மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸைச் சேர்ந்தது. 1886ஆம் ஆண்டில் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்த அவருடைய கட்டுரை, இன்றளவும் இத்துறையின் அஸ்திவாரமாக நிற்கிறது.

அவர் சொன்னதன் சாரத்தைக் கணிதத்தின் துணையின்றியே சொல்லிவிடலாம். எண்ணெய் தான் தொடும் பரப்பை ஒட்டிக்கொள்ளும். பரப்பு நகர்ந்தால் ஒட்டிய எண்ணெயும் நகரும், அது தன் அண்டையிலுள்ள எண்ணெயையும் இழுத்துச் செல்லும். இரு பரப்புகளுக்கும் இடையேயுள்ள சந்து, நகரும் திசையில் போகப் போகக் குறுகிக்கொண்டே சென்றால், அகன்ற வாயில் இழுக்கப்பட்டு உள்ளே வரும் எண்ணெய் முழுவதும் குறுகிய வாயின் வழியே வெளியேற இடம் போதாது. நெருக்குண்ட எண்ணெயில் அழுத்தம் பிறக்கிறது. அந்த அழுத்தமே மேலுள்ள பாரத்தைத் தூக்கி நிறுத்துகிறது. சந்து ஒரே சீராக இருந்தால் அழுத்தம் பிறவாது. பரப்பு நகராவிட்டாலும் பிறவாது. எண்ணெய்க்குப் பாகுத்தன்மை இல்லாவிட்டாலும் பிறவாது. இந்த மூன்றும் கூடினால் யந்திரம் தன்னுடைய ஓட்டத்தாலேயே தன்னைத் தாங்கிக்கொள்கிறது. தண்டு தாங்கியைவிடச் சிறிது ஒடுங்கியதாகையால், பாரம் ஏறியவுடன் அது மையத்தை விட்டு விலகி, வேண்டிய குறுகலான சந்தைத் தானாகவே உண்டாக்கிக்கொள்கிறது. பாரம் அதிகமானால் படலம் மெலியும். மெலிந்த படலத்தில் அழுத்தம் மேலும் ஓங்கும். ஆகவே ஓர் எல்லை வரையில் எந்தப் பாரத்துக்கும் தக்கவாறு படலம் தன்னைத் திருத்திக்கொள்கிறது. உங்கள் மோட்டார் காரின் எஞ்சினில் இவ்விதம் நிற்கும் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. மனிதனின் தலைமயிர் அதைவிடப் பன்மடங்கு பருமனானது. அந்தப் படலம் உள்ளவரை உராய்வு, பாரத்தில் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கே இருக்கும்.

கணிதம் ஒரு தொழிலுக்கு எவ்வளவு நேரடியாகப் பயன்பட முடியும் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். செங்குத்தாக நிற்கும் டர்பைன் தண்டின் எடை முழுவதும் அடியிலுள்ள தட்டையான தாங்கியின் மேல் விழும். தட்டைக்குத் தட்டை பொருந்தியிருப்பதால் அங்கே குறுகும் சந்து கிடையாது. ரெய்னால்ட்ஸின் கட்டுரையை ஊன்றிப் படித்த அமெரிக்கப் பொறியாளர் ஆல்பர்ட் கிங்ஸ்பரியும், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆந்தனி மிச்செலும், ஒருவரையொருவர் அறியாமல் ஒரே உபாயத்தைக் கண்டனர்: அடித்தட்டைப் பல துண்டுகளாக வகுத்து, ஒவ்வொன்றும் சிறிது சாய்ந்துகொடுக்கும்படி ஒரு முனையின் மேல் நிறுத்திவிட்டால், சுழலும் எண்ணெயே அவற்றைச் சாய்த்துத் தனக்கு வேண்டிய சந்தை அமைத்துக்கொள்ளும். பென்சில்வேனியாவில் ஸஸ்க்வெஹான்னா நதியின் மேலுள்ள ஹோல்ட்வுட் நீர்மின் நிலையத்தில், 48 அங்குல விட்டமுள்ள அத்தகைய தாங்கியைக் கிங்ஸ்பரி 1912ஆம் ஆண்டில் பொருத்தினார். 220 டன் பாரத்தை அது தாங்க வேண்டியிருந்தது. முதல் ஓட்டத்தில் அது சூடேறிக் கெட்டது. பரப்புகளை மறுபடி சீர்ப்படுத்தி நிறுவிய பிறகு பல பத்தாண்டுகள் ஓடியும் அதில் தேய்மானம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் ஏற்படவில்லை. உலோகத்தை உலோகம் தொடவில்லையென்றால் தேய்வதற்கு அங்கே என்ன இருக்கிறது?

இது கனமான படலத்தின் தர்மம். இனி அது மெலியும் கதைக்கு வருவோம்.

வேகத்தைப் படிப்படியாகக் குறைத்தால், முதலில் உராய்வும் குறைந்துகொண்டே வரும். ஏனெனில் எண்ணெயை இழுத்துக் கிழிக்கும் வேலை குறைகிறது. ஆனால் ஒரு கட்டத்துக்குப் பின் உராய்வு திடீரென்று திரும்பி மேலேறத் தொடங்கும். இந்த வளைகோட்டை ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷ்ட்ரீபெக் 1902ஆம் ஆண்டில் விரிவாக அளந்து வெளியிட்டார். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. எவ்வளவு நுட்பமாகக் கடைந்து மெருகேற்றிய உலோகத்திலும் மேடும் பள்ளமும் உண்டு. படலத்தின் கனம் அந்த மேடுகளின் உயரத்துக்குச் சமீபமாக வந்தவுடன், இரு பரப்புகளிலும் உள்ள உச்சிகள் படலத்தைக் கிழித்துக்கொண்டு ஒன்றையொன்று சந்திக்கத் தொடங்குகின்றன. வளைகோடு திரும்பும் இடம் அதுவே. அந்த உச்சிகள் சந்திக்குமிடத்தில் எண்ணெய் முற்றிலும் ஒழிந்துவிட்டதா, அல்லது அங்கும் ஏதேனும் எஞ்சி நிற்கிறதா என்பது அடுத்த கேள்வி.

இதற்கு வழிகாட்டியவர்கள் யந்திரத்தைத் தொடாதவர்கள் என்பது விசித்திரமே. ராலே பிரபு 1890ஆம் ஆண்டில், 84 சென்டிமீட்டர் விட்டமுள்ள குளியல் தொட்டியில் நீரை நிரப்பி, அதன் மேல் 0.81 மில்லிகிராம் ஆலிவ் எண்ணெயை விட்டு, நீரின் மீது மிதந்த கற்பூரத் துண்டுகளின் ஆட்டம் எந்த அளவு எண்ணெயில் அடங்குகிறது என்று பார்த்தார். அந்த எண்ணெய் நீர்ப்பரப்பு முழுவதும் பரவினால் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் 6 லட்சத்தில் ஒரு பங்குதான். அதே காலத்தில் ஜெர்மனியில் பிரௌன்ஷ்வைக் நகரில், கல்லூரி வாசலை மிதிக்க வாய்ப்பில்லாத ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்ற பெண்மணி, வீட்டுச் சமையலறையில் தகரத் தொட்டி ஒன்றை வைத்துக்கொண்டு இத்தகைய படலங்களை அளந்துகொண்டிருந்தார். அவர் எழுதிய கடிதத்தின் பெருமையை உணர்ந்து, 1891ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் வெளிவரச் செய்தவர் ராலேயே. பின்னாளில் 1918இல் ராலே, தேநீர்க் கோப்பை தட்டின் மேல் வழுக்கிக்கொண்டே இருப்பதையும், சூடான தேநீர் சிறிது சிந்தினால் அது சட்டென்று நின்றுவிடுவதையும் கவனித்து, கண்ணுக்குப் புலப்படாத கொழுப்புப் படலம் முன்பு மசகாக இருந்ததென்றும், சூடான நீர் அதைக் கழுவிவிட்டதென்றும் கருத்துரைத்தார். நீரும் ஒரு திரவந்தான். ஆனால் கண்ணாடிக்கு அது மசகாகாது. வழுவழுப்பு என்ற சொல்லைக் கொண்டு இதை விளக்கவே முடியாது.

இந்தக் குறிப்பைப் பற்றிக்கொண்டு மேலே சென்றவர் கேம்பிரிட்ஜில் உயிரியல் அறிஞராகப் புகழ்பெற்றிருந்த வில்லியம் பேட் ஹார்டி. சுத்தமான கண்ணாடித் தட்டின் மீதும் உலோகத்தின் மீதும் சிறிய வளைந்த சறுக்கியை வைத்து, அது நகரத் தொடங்குவதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்று, பல்வேறு மசகுப் பொருள்களைக் கொண்டு அளந்தார். ஐடா டபிள்டே என்ற பெண்மணி அவருக்குத் துணை நின்றார். 1922ஆம் ஆண்டில் இருவரும் வெளியிட்ட முடிவு அபூர்வமான எளிமை உடையது. பாரஃபின்கள், ஆல்கஹால்கள், கொழுப்பு அமிலங்கள் என்ற ஒவ்வொரு குடும்பத்திலும், மூலக்கூறின் சங்கிலியில் கார்பன் அணுக்கள் கூடக்கூட உராய்வு நேர்கோட்டில் இறங்கிக்கொண்டே வந்தது. ஒரே நீளமுள்ள சங்கிலிகளை ஒப்பிட்டாலோ, பாரஃபினைவிட ஆல்கஹாலும், ஆல்கஹாலைவிட அமிலமும் உராய்வை அதிகமாகக் குறைத்தன. பாகுத்தன்மை இக்கணக்கில் எங்கும் நுழையவில்லை.

கொழுப்பு அமிலத்தின் மூலக்கூறுக்கு ஒரு முனையில் உலோகத்தைப் பற்றும் தலை உண்டு. எஞ்சியது நீண்ட வால். தலைகள் உலோகத்தில் வேரூன்றிக்கொள்ள, வால்கள் மேல்நோக்கி நெருங்கி நிற்கும் அமைப்பை, நாற்றங்காலில் நெருக்கமாக விதைத்த நெல் நாற்றுகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்பதோடு ஒப்பிடலாம். சங்கிலி நீண்டிருந்தால் அவற்றின் பரஸ்பர ஆதரவு பலப்படும். உலோக உச்சிகள் அந்த வரிசையை ஊடுருவுவது கடினமாகும். ஸ்டியரிக் அமிலத்தின் மூலக்கூறு இவ்வாறு நிற்கையில் உயரம் ஒரு மில்லிமீட்டரில் 4 லட்சத்தில் ஒரு பங்கு. அத்தனை மெல்லிய ஒற்றை வரிசை, சுத்தமான உலோகங்களுக்கிடையே பாரத்துக்குச் சமமாகவே நிற்கக்கூடிய உராய்வைப் பாரத்தில் பத்தில் ஒரு பங்காக இறக்கிவிடுகிறது. இதைவிடப் பெரிய காரியத்தை இதைவிடச் சிறிய பொருள் செய்து நான் அறிந்ததில்லை.

ஹார்டிக்குப் பின் கேம்பிரிட்ஜில் இந்த ஆராய்ச்சியை முழுமைப்படுத்தியவர்கள், டாஸ்மேனியாவில் பிறந்த ஃபிலிப் பௌடனும் அவருடைய சகாவான டேவிட் டேபரும் ஆவர். 1950ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட நூல் இத்துறைக்குப் பிரமாண நூலாயிற்று. மேடுகளின் உச்சிகளே தொட்டுக்கொள்வதால், உண்மையான தொடுபரப்பு நமக்குத் தெரியும் பரப்பில் பல்லாயிரத்தில் ஒரு பங்காகவே இருக்கும் என்றும், பாரம் ஏறினால் உச்சிகள் நசுங்கி அந்தப் பரப்பு அதே விகிதத்தில் வளரும் என்றும் அவர்கள் காட்டினர். அந்த நுண்ணிய இடங்களில் உலோகமும் உலோகமும் பற்றிப் பிணைகின்றன. பிணைப்பை அறுக்கும் விசையே உராய்வு. மூலக்கூறு வரிசை குறுக்கே நின்றால் பிணைப்புகள் பெரும்பாலும் உண்டாவதில்லை. ஆனால் பாரத்தைத் தாங்குவது இன்னமும் உச்சிகளே ஆதலால், உராய்வு பாரத்தோடு வளரும் நியமம் மாறுவதில்லை. அமொந்தோனின் பன்றிக்கொழுப்பு ஏன் உலர்ந்த பரப்பின் விதிக்கே கட்டுப்பட்டது என்பதற்கு விடை இதுதான். அவர் மெல்லிய படலத்தை அளந்தார். டவர் கனத்த படலத்தை அளந்தார். இருவரும் கண்டது மெய்யே.

ஒற்றை வரிசை உராய்வைக் குறைக்கும் என்றேன். அது நெடுநேரம் நிலைக்கும் என்று கொள்ளலாகாது. சறுக்கி ஒரே தடத்தில் சில தடவை போய் வந்தால் வரிசை சிதைந்துவிடும். சுற்றிலும் எண்ணெய் நிறைந்திருந்தால்தான் சிதைந்த இடத்தில் புதிய மூலக்கூறுகள் வந்து குடியேறும். சூடும் அதற்குப் பகை. கொழுப்பு அமிலம் தாமிரம், துத்தநாகம், இரும்பு போன்ற உலோகங்களோடு வினைபுரிந்து சோப்பாக மாறிப் பற்றிக்கொள்வதால், அமிலம் உருகும் வெப்பநிலைக்கு மேலும் சிறிது தாக்குப்பிடிக்கிறது. வினைபுரியாத பிளாட்டினத்தின் மீதோ கண்ணாடியின் மீதோ அந்த அமிலத்துக்குத் தனிச் சிறப்பு ஒன்றுமில்லை. தூய கனிம எண்ணெயில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குக் கொழுப்பு அமிலத்தைக் கலந்தால், பாகுத்தன்மை சிறிதும் மாறாமலே மெல்லிய படலத்தின் உராய்வு வெகுவாகக் குறைகிறது. நம் நாட்டு வண்டிக்காரர்கள் வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மையாக அச்சில் தடவியது, இந்த ரசாயனத்தை அனுபவத்தால் கண்டறிந்த செயல் என்றே நான் கருதுகிறேன். மாட்டு வண்டிச் சக்கரத்தின் வேகத்தில் ரெய்னால்ட்ஸ் சொன்ன அழுத்தம் பிறப்பதற்கில்லை. உலோகத்தைப் பற்றும் எண்ணெயே அங்கு உதவும். விளக்கெண்ணெயின் பெரும்பகுதி, பற்றும் குணமுடைய ரிசினோலிக் அமிலத்தால் ஆனது. முதல் உலக யுத்தத்தில் பறந்த சுழல் எஞ்சின் விமானங்களும் விளக்கெண்ணெயையே நம்பியிருந்தன. பெட்ரோலில் அது எளிதில் கரையாது என்பது அதற்கு இன்னொரு காரணம்.

பற்சக்கரங்களின் விஷயம் நெடுநாள் புதிராக இருந்தது. பல்லோடு பல் சந்திக்கும் கோட்டில் அழுத்தம் பல்லாயிரம் வாயுமண்டலமாக ஏறுகிறது. ரெய்னால்ட்ஸின் கணக்குப்படி அங்கே படலமே நிற்கலாகாது. ஆனாலும் சக்கரங்கள் ஆண்டுக்கணக்கில் தேயாமல் ஓடின. அத்தகைய அழுத்தத்தில் எண்ணெய் பன்மடங்கு இறுகிப் போகிறது, எஃகும் சிறிது குழிந்துகொடுக்கிறது என்ற இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து 1949இல் ருஷ்யாவில் குரூபினும், 1959இல் இங்கிலாந்தில் டவுசனும் ஹிக்கின்ஸனும் கணக்கிட்டபோதுதான், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான படலம் அங்கே நிலைத்து நிற்க முடியும் என்று தெளிவாயிற்று.

மாணவர்களாகிய நீங்கள் நாளை ஆலைகளிலும் மின் நிலையங்களிலும் பொறுப்பேற்பவர்கள். ஆகையால், எந்த யந்திரமும் முழு வேகத்தில் ஓடும்போது அதிகமாகத் தேய்வதில்லை, புறப்படும்போதும் நிற்கும்போதுமே தேய்கிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியவனாகிறேன். நின்ற யந்திரத்தில் கனத்த படலம் பிதுங்கி வெளியேறிவிடுகிறது. மறுபடி வேகம் பிடிக்கும் வரையில் பாரத்தை ஒற்றை மூலக்கூறு வரிசையும் உலோக உச்சிகளுமே சுமக்கின்றன. வேகமே கிட்டாத இடங்களில் அழுத்தத்தை வெளியிலிருந்து கொடுக்க வேண்டியதுதான். கலிபோர்னியாவில் பலோமர் மலையில் 1948இல் திறக்கப்பட்ட 200 அங்குலத் தொலைநோக்கி, வானத்தின் சுழற்சிக்கு ஏற்ப நாளுக்கு ஒரு சுற்று என்ற கதியில் நகர்வது. அந்த மந்தகதியில் எண்ணெய் தானாக அழுத்தம் பெறாது. ஆகவே பம்புகள் எண்ணெயை அழுத்தி ஊட்ட, ஏறக்குறைய 500 டன் எடையுள்ள அந்த அமைப்பு எண்ணெயின் மீது மிதக்கிறது. அதைத் திருப்புவதற்கு ஒரு குதிரைச் சக்தியில் பன்னிரண்டில் ஒரு பங்கே உள்ள மோட்டார் போதுமானதாக இருந்தது. பெரிய டர்பைன்களிலும் இதே முறைதான்: புறப்படுவதற்கு முன் தாங்கியின் அடியிலிருந்து எண்ணெயை உயர்ந்த அழுத்தத்தில் செலுத்தித் தண்டைத் தாங்கியிலிருந்து தூக்கிவிட்டு, பிறகே அதை மெல்லச் சுழற்றத் தொடங்குவார்கள், வேகம் ஏறி, எண்ணெய்ப் படலம் தன் பலத்திலேயே தண்டைத் தாங்கத் தொடங்கிய பின்னர் அந்தப் பம்பை நிறுத்திவிடலாம், டர்பைன் அடங்கி நிற்கப் போகும் நேரத்தில் அது மறுபடியும் ஓட வேண்டும்.